புளிப்பு வேறு, ஊசல் வேறு

ஷாம்பெய்ன் பாட்டில் கையில் கிடைத்தால் எல்லோரும் கார்க்கைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் லேபிளின் அடியைப் பாருங்கள். எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் ஒரு நம்பர் இருக்கும். அதற்கு முன்னால் இரண்டே இரண்டு எழுத்து. 'என்.எம்.' என்று இருந்தால், திராட்சையை வெளியே வாங்கித் தயாரிக்கிற கம்பெனி. 'சி.எம்.' என்றால் கூட்டுறவுச் சங்கம். 'ஆர்.எம்.' என்றால், தன் தோட்டத்துத் திராட்சையைத் தானே பிழிந்து, தானே பாட்டிலில் அடைத்து, தன் பெயரைப் போட்டு விற்கிற விவசாயி.

அந்த விவசாயியைப் பற்றியும், அவரைப் போன்ற சின்னத் தயாரிப்பாளர்களின் சரக்கு உண்மையிலேயே எப்படி இருக்கிறது என்பதைப் பற்றியும்தான் இந்த வாரம்.

'என்ன சார், குடிக்கச் சொல்லித் தருகிறீர்களா?' என்று முகம் சுளிக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஒயின் ருசி பார்ப்பதைத் தொழிலாக வைத்திருப்பவர்கள் குடிப்பதில்லை. ஒரு வாய் எடுத்து, உருட்டி, பக்கத்தில் இருக்கும் வாளியில் துப்பி விடுகிறார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் ஐம்பது பாட்டிலுக்கு மார்க் போட வேண்டிய ஆசாமி ஐம்பதையும் விழுங்கினால் மார்க் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். நாமும் அந்த வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசுவோம்.

முதலில் கணக்கு. பி.காம். படித்தவனுக்கு வேறெங்கிருந்தும் ஆரம்பிக்கத் தெரியாது.

வடகிழக்கு பிரான்ஸில் இருக்கிறது ஷாம்பெய்ன் வட்டாரம். திராட்சைத் தோட்டம் சுமார் 34,000 ஹெக்டேர். பயிர் செய்கிறவர்கள் சுமார் 16,000 பேர். பெரிய பெயர் போட்டு விற்கிற கம்பெனிகள் சில நூறு. இந்தக் கம்பெனிகளுக்குச் சொந்தமான நிலம், மொத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆனால் விற்பனையாகிற பத்து பாட்டிலில் ஏழுக்கு மேல் அவர்கள் பெயரில்தான் போகிறது. 2024-இல் மொத்த விற்பனை சுமார் 27 கோடி பாட்டில். பாக்கியை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

திராட்சை எவ்வளவு வேண்டும்? அங்கே சட்டமே இருக்கிறது. 4,000 கிலோவைப் பிழிந்தால் 2,550 லிட்டருக்கு மேல் சாறு எடுக்கக் கூடாது. அதாவது 3,400 பாட்டில். ஒரு பாட்டிலுக்குக் கிட்டத்தட்ட 1.2 கிலோ. கிலோ ஏழு யூரோ என்று வைத்துக்கொண்டால், பாட்டிலுக்குள் இருக்கிற திராட்சையின் விலை எட்டு யூரோ சொச்சம். அதுவே கம்பெனிப் பெயரோடு கடை அலமாரியில் ஏறும்போது நாற்பது, ஐம்பது. நடுவில் நிலவறை, ஆள் கூலி, மாதக்கணக்கில் முடங்கும் முதல், வரி, விளம்பரம், கடைக்காரர் கமிஷன் எல்லாம் உண்டு. அதனால் பகல் கொள்ளை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயிர் செய்தவன் பெயர் மட்டும் அந்த லேபிளில் எங்கேயும் இருக்காது.

இந்தக் கோபத்துக்கு வயசு அதிகம். பூச்சியும் பூஞ்சையும் தோட்டங்களைத் தின்று, 1910-இல் அறுவடையே இல்லை என்று ஆன சமயம். கம்பெனிகள் பிரான்ஸின் வேறு வட்டாரங்களிலிருந்து மலிவுச் சரக்கை ரயிலில் கொண்டுவந்து, ஷாம்பெய்ன் என்று பெயர் வைத்து விற்கின்றன என்று விவசாயிகள் கொதித்தார்கள். 1911 ஜனவரியில் கும்பல் கும்பலாகப் போய்ப் பீப்பாய்களை உருட்டி மார்ன் நதியில் கொட்டினார்கள். ஏப்ரலில் ஆயீ என்ற சிற்றூரில் கம்பெனிக் கட்டடங்கள் எரிந்தன. ராணுவம் வந்தது. எது ஷாம்பெய்ன் நிலம், எது இல்லை என்று கோடு போட்டு முடிக்க 1927 வரை ஆயிற்று.

ஆக, 'ஆர்.எம்.' என்ற இரண்டு எழுத்து சாதாரணமாகக் கிடைத்ததில்லை. மரியாதையோடு பார்க்க வேண்டிய எழுத்து. ஆனால் மரியாதை வேறு, மார்க் வேறு. இங்கேதான் நம் விஷயம் ஆரம்பிக்கிறது.

*

பாரிஸில் ஒரு சின்ன ஒயின் கடையில் ஐந்து கிளாஸ்களை வரிசையாக வைத்து ருசி பார்க்கிற வாய்ப்பு கிடைத்தது. பாட்டில்களைத் துணியால் சுற்றித்தான் ஊற்றினார்கள். யாருடையது என்பது கடைசியில்தான் தெரியும். கீழே வருகிற தீர்ப்புகள் அந்த ஐந்து கிளாஸைப் பற்றியவை.

முதல் கிளாஸ். கண்ணாடி மாதிரி தெளிவு. ஊசி முனையளவு குமிழிகள், நூல் பிடித்த மாதிரி வரிசையாக மேலே வருகின்றன. மூக்கில் பச்சை ஆப்பிள், கொஞ்சம் எலுமிச்சை, அப்போதுதான் சுட்ட பன். நாக்கில் எந்த இடத்திலும் உறுத்தல் இல்லை. கடைசியில் லேசாக ஒரு இனிப்பு, 'மறுபடி வாங்க' என்று கும்பிடு போட்டு அனுப்புகிறது. துணியைப் பிரித்தால் பெரிய கம்பெனி.

சும்மா சொல்லக் கூடாது. நன்றாகத்தான் இருந்தது.

பெரிய கம்பெனி என்றாலே மட்டம் என்று பேசுவது இன்றைக்கு ஒரு ஃபேஷன். அது தப்பு. ஷாம்பெய்னில் கலப்பது என்பது ஒரு வித்தை. பல ஊர், பல தோட்டம், பல வருடத்துச் சரக்கு எல்லாவற்றையும் ருசி பார்த்து, போன வருடம் குடித்தவனுக்கு இந்த வருடமும் அதே ருசி தருவது லேசுப்பட்ட காரியமில்லை. க்ரூக் என்ற கம்பெனி தன்னுடைய 'க்ராந் க்யூவே' பாட்டிலில் 120-க்கும் மேற்பட்ட ஒயின்களைக் கலக்கிறது. நூற்றியிருபது பேர் கச்சேரி பண்ணி, ஒருத்தர்கூட சுருதி விலகாமல் இருக்கிற மாதிரி.

என் குறை வேறு. இந்த ருசி எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டால் அந்த முதல் கிளாஸிடம் பதில் இல்லை. மழை பெய்ததா, பொய்த்ததா, அதற்குத் தெரியாது. கலப்பதன் நோக்கமே அது தெரியாமல் இருப்பதுதான். பாக்கெட் இட்லி மாவு மாதிரி. மார்கழியிலும் சித்திரையிலும் ஒரே இட்லி. சௌகரியம்தான். வீட்டு மாவு அப்படி இல்லை. ஒரு நாள் பாத்திரத்தைத் தாண்டிப் பொங்கும். ஒரு நாள் குளிரில் சுருண்டு படுத்துக்கொண்டு மக்கர் பண்ணும். ஆனால் பொங்கின அன்றைக்கு இட்லி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது கிளாஸ் வீட்டு மாவு ரகம். நிறமே ஒரு மாற்று கூடுதல், வைக்கோல் மஞ்சள். குமிழி கொஞ்சம் சோம்பேறி. மூக்கருகே கொண்டுபோனதும் மிளகும் கிராம்பும் மாதிரி ஒரு காரவாசனை. நாக்கில் இனிப்பே இல்லை. ஈரச் சுண்ணாம்புச் சுவரை முகர்ந்த மாதிரி, உப்பும் கல்லும். விழுங்கினவர்கள் பேச்சை நிறுத்தி விட்டார்கள். நான் துப்பிய பிறகும் அரை நிமிஷம் வாயிலேயே நின்றது.

துணியைப் பிரித்தார்கள். ஜெரோம் ப்ரெவோ. ரெய்ம்ஸ் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், பாட்டி வழியில் வந்த இரண்டு ஹெக்டேர் சொச்சம் நிலம். அதில் பெரும்பாலும் பினோ மெனியே என்ற திராட்சை. ஷாம்பெய்னில் அதைக் கூட்டத்தோடு கோவிந்தா போடுகிற ரகமாகத்தான் ரொம்ப காலம் நடத்தினார்கள். தனியாகப் பாட விட மாட்டார்கள். ப்ரெவோவும் முதலில் திராட்சையைக் கம்பெனிகளுக்கு விற்றுக்கொண்டிருந்தவர்தான். 1998-இல்தான் சொந்தப் பாட்டில். ஒரே தோட்டம், ஒரே ரகம், ஒரே வருடம். லேபிளில் 'எல்.சி.' என்று போட்டுப் பக்கத்திலேயே அறுவடை வருடத்தைச் சுருக்கமாக எழுதி விடுகிறார். ஒளிவு மறைவு கிடையாது.

ஆரம்பத்தில் ப்ரெவோவுக்கு நிலவறையில் இடம் கொடுத்தவர் அன்ஸெல்ம் ஸெலோஸ். அவீஸ் என்ற ஊர்க்காரர். ஷாம்பெய்னில் சின்னத் தயாரிப்பாளர் என்ற பேச்சை எடுத்தால் இந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது. குமிழி அப்புறம், முதலில் அது ஒயினாக இருக்கட்டும் என்றவர். குறைவான விளைச்சல், நிலத்துக்கு ரசாயனம் வேண்டாம், தோட்டத்திலிருந்தே வருகிற ஈஸ்ட், ஓக் மரப் பீப்பாய். 1994-இல் கோ-மியோ என்ற பிரெஞ்சு வழிகாட்டிப் புத்தகம் அவரை வருடத்தின் சிறந்த ஒயின் தயாரிப்பாளர் என்றது. அவருடைய சரக்கில் அடிபட்ட ஆப்பிளும் வால்நட்டுமாக ஒரு வாசனை வரும். 'இது ஷாம்பெய்னா, பழைய ஷெர்ரியா?' என்று கேட்கிறவர்கள் இன்றும் உண்டு. கேட்கட்டும். கேட்க வைப்பதற்கே ஒரு தனி முகம் வேண்டும் இல்லையா?

ஒரு சின்ன எச்சரிக்கை. இரண்டு எழுத்தை மட்டும் நம்பிப் பர்ஸைத் திறக்காதீர்கள். 'ஆர்.சி.' என்று ஒன்று இருக்கிறது. விவசாயி பெயர் இருக்கும். தயாரித்தது கூட்டுறவுச் சங்கம். இன்னொரு பக்கம், பக்கத்துத் தோட்டத்தில் கொஞ்சம் திராட்சை வாங்க வேண்டும் என்பதற்காகவே 'என்.எம்.' உரிமம் வைத்திருக்கிற அருமையான சின்னத் தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள். எழுத்து வழி காட்டும். நாக்குக்குப் பதிலாக வேலை பார்க்காது.

*

மூன்றாவது கிளாஸுக்குப் போவதற்கு முன் குமிழி எப்படி வருகிறது என்று பார்த்து விடலாம். இரண்டே நிமிஷம்.

திராட்சைச் சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் ஆல்கஹாலும் கரியமில வாயுவும் வரும். திறந்த பாத்திரம் என்றால் வாயு பறந்து விடும். மூடின பாட்டில் என்றால் உள்ளேயே கரைந்து, திறக்கும்போது குமிழியாகக் கிளம்பும். ஷாம்பெய்ன்காரர்கள் ஒரு முறை நொதித்து முடிந்த ஒயினை எடுத்து, லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து பாட்டிலில் அடைத்து, இரண்டாம் முறை நொதிக்க விடுகிறார்கள். நாலு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு அட்மாஸ்ஃபியர் அழுத்தம். 24 கிராமுக்கு ஆறு. உங்கள் கார் டயரில் இருப்பதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். கடைசியில் வண்டலை எடுத்து விட்டு, கொஞ்சம் சர்க்கரைக் கரைசல் ஊற்றி கார்க் போடுகிறார்கள். 'ப்ரூட்' என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 12 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். முதல் கிளாஸின் கும்பிடு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

இதற்கெல்லாம் முந்தைய நாட்டு வழி ஒன்று உண்டு. முதல் நொதித்தல் முடிவதற்கு முன்பே, சாற்றில் மிச்சச் சர்க்கரை இருக்கும்போதே பாட்டிலில் அடைத்து விடுவது. வெளியிலிருந்து சர்க்கரையும் கிடையாது, ஈஸ்ட்டும் கிடையாது. இதைத்தான் இன்றைக்கு உலகமெல்லாம் 'பெத்-நா' என்று கொஞ்சுகிறார்கள். பெரும்பாலும் கார்க் இல்லாமல் சோடா மூடியோடு வரும். அடியில் வண்டல் நிற்கும். கேட்க எளிது. செய்தால் தெரியும். மிச்சச் சர்க்கரை கொஞ்சம் கூடினால் பாட்டில் வெடிக்கும். குறைந்தால் சத்து இல்லாத சோடா. இடையில் திறந்து உப்பு பார்க்கிற வசதி கிடையாது.

லுவார் நதிக்கரையில் மோன்லூயி என்று ஒரு ஊர். இந்த நாட்டு வழி ஒயினுக்கு 2007-இல் தனி விதிமுறையே எழுதி வாங்கிய ஊர். மூன்றாவது கிளாஸ் அங்கிருந்து வந்தது. ஜாக்கி ப்ளோ என்பவர் ஆரம்பித்த பண்ணையின் 'த்ரிப்ள் ஸேரோ', அதாவது மூன்று பூஜ்யம். சாற்றில் சர்க்கரை சேர்ப்பது பூஜ்யம், பாட்டிலில் அடைக்கும்போது பூஜ்யம், கடைசியில் கார்க் போடும்போதும் பூஜ்யம். ப்ளோ 2023-இல் காலமானார். ஷெனின் ப்ளான் என்ற வெள்ளைத் திராட்சை. பேரிக்காய், சீமைத் தேன், கடைசியில் ஒரு நறுக் புளிப்பு. குமிழி ஷாம்பெய்ன் மாதிரி மூக்கைக் குத்துவதில்லை. நாக்கின் மேல் மெதுவாக நடந்து போகிறது. விலையோ ஷாம்பெய்னை விட எவ்வளவோ குறைவு. ஐந்தில் என் காசைக் கொடுத்து இரண்டாம் பாட்டில் வாங்குவேன் என்றால் அது இதுதான்.

*

நாலாவது கிளாஸ் சிவப்பு. குமிழி கிடையாது. 'இயற்கை ஒயின்' என்ற பேச்சு இன்றைய வடிவத்தில் எங்கிருந்து கிளம்பியதோ, அந்த ஊர்ச் சரக்கு. போஜோலே வட்டாரத்து மோர்கோன்.

கதை இதுதான். மார்செல் லபியேர் என்பவர் 1973-இல் குடும்பத் தோட்டத்தை ஏற்றார். அப்போது போஜோலே என்றால் அவசர ஒயின். அறுவடை முடிந்த சில வாரத்தில் நவம்பர் மாதம் கடைக்கு வந்து விடும். பாக்கெட்டில் வாங்கிய ஈஸ்ட், சர்க்கரை, கந்தகம் எல்லாம் தாராளம். தன் சரக்கு தனக்கே பிடிக்காத நிலைமையில் லபியேர் போய்ச் சேர்ந்தது ஜூல் ஷோவே என்பவரிடம். ஷோவே ஒயின் வியாபாரி, ரசாயனமும் அறிந்தவர், ருசி பார்ப்பதில் மன்னன். 1907-இல் பிறந்து 1989-இல் மறைந்தவர். ஆரோக்கியமான பழம், தோட்டத்து ஈஸ்ட், ஏற்பாடெல்லாம் சுத்தமாக இருந்தால் கந்தகம் இல்லாமலே நல்ல ஒயின் வரும் என்று சோதித்துக் காட்டியவர். லபியேரோடு ஃபோயார், ப்ரெத்தோன், தெவெனே என்று மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். கெர்மிட் லிஞ்ச் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் இவர்களுக்கு 'நால்வர் கும்பல்' என்று பெயர் வைத்தார். லபியேர் 2010-இல் போய் விட்டார். பிள்ளைகள் நடத்துகிறார்கள்.

இங்கே கவனியுங்கள். ஷோவே ரசாயனம் வேண்டாம் என்று சொன்னது ரசாயனம் தெரியாததால் அல்ல, தெரிந்ததால். மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு சொன்னார். கந்தகத்தை எடுத்தால் அந்த இடத்தில் சுத்தத்தை வைக்க வேண்டும். பழத்தில் ஒரு அழுகல் கூடாது, பீப்பாயில் ஒரு பிசுக்கு கூடாது. 'ஒன்றும் சேர்க்கவில்லை' என்பது சோம்பேறித்தனத்தின் பெயர் அல்ல. இரட்டை வேலையின் பெயர்.

லபியேர் பண்ணை ஒரு நல்ல காரியம் செய்தது. ஒரே மோர்கோனை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்குக் கந்தகமே சேர்க்காமல் 'என்' என்றும், இன்னொன்றுக்குக் கொஞ்சமாகச் சேர்த்து 'எஸ்' என்றும் பின் லேபிளில் குறித்து விற்றது. எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள். தூர தேசத்துக்குக் கப்பலில் போக வேண்டுமா, 'எஸ்'. பக்கத்தில் குளுகுளு நிலவறையில் இருக்குமா, 'என்'. மதச் சண்டை இல்லை. என்ன செய்தேன் என்று சொல்லி விட்டேன், தீர்ப்பு உன்னுடையது என்கிற நேர்மை.

எனக்கு ஊற்றியது 'என்'. செர்ரி, ரோஜா இதழ், ஈர மண். இதிலும் ஒரு புளிப்பு இருக்கிறது. பழத்தின் புளிப்பு. பசியைக் கிளப்புகிற புளிப்பு. எந்த இடத்திலும் கை வைத்துத் திருத்தின அடையாளம் இல்லை. ஒரு மனிதர் நேருக்கு நேர் பேசுகிற மாதிரி இருந்தது.

*

ஐந்தாவது கிளாஸ்.

பெயர் சொல்லப் போவதில்லை. சின்னத் தயாரிப்பாளர், பெத்-நா. லேபிளில் குழந்தை கிறுக்கின மாதிரி அழகான படம். கலங்கலான ஆரஞ்சு நிறம். திறந்ததுமே பாட்டிலில் கால்வாசி பொங்கி மேஜையில் கொட்டியது. 'உயிருள்ள ஒயின் அப்படித்தான்' என்று பக்கத்தில் ஒருவர் சிரித்தார். சரி. மூக்கில் நகப் பாலிஷ். 'துடிப்பு!' என்றார் இன்னொருவர். சரி. வாயில் விட்டால் முதலில் ஒன்றும் மோசமில்லை, ஆரஞ்சுத் தோல் மாதிரி. துப்பிய பிறகு பத்து, இருபது விநாடி. அப்போதுதான் வந்தது. தொண்டைப் பக்கத்திலிருந்து, எலிக் கூண்டைத் திறந்த மாதிரி ஒரு வாடை. தண்ணீர் குடித்தும் போகவில்லை.

இதற்குப் பெயரே எலி வாடைதான். ஒயின் உலகத்தில் பழகின சொல். கந்தகப் பாதுகாப்பு இல்லாத ஒயினில் சில பாக்டீரியாவும் ஒரு வகை ஈஸ்ட்டும் புகுந்து செய்கிற வேலை. வேடிக்கை என்னவென்றால் கிளாஸை முகர்ந்தால் தெரியாது. ஒயினின் அமிலத்தில் அந்தப் பொருள் ஆவியாகாமல் அடங்கிக் கிடக்கும். வாயில் எச்சில் சேர்ந்து அமிலம் குறைந்ததும் எழுந்து வரும். சிலருக்கு இந்த வாடையே தெரியாது. அவர்கள் 'அருமை' என்று சொன்னால் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. தெரிந்தும் 'அது ஒரு தனி குணம்' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களோடுதான் எனக்கு வழக்கு.

நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புளித்த மாவு வேறு, ஊசின சாம்பார் வேறு. இரண்டுமே நுண்ணுயிர் வேலைதான். இரண்டுமே 'இயற்கை'தான். ஒன்றை ஊற்றித் தோசை சுடுகிறோம், இன்னொன்றைக் கொட்டுகிறோம். ஊசினதைக் கொண்டுவந்து வைத்து, 'இது ஒரிஜினல், கலப்படமில்லாதது' என்று யாராவது சொன்னால் நம் அம்மா என்ன பதில் சொல்வாள்?

ஒயின் உலகத்தில் இந்த அம்மாவின் குரல் கொஞ்ச காலமாகக் குறைந்து விட்டது. லுவாரில் 1999-இல் ஆரம்பித்த 'லா தீவ் புத்தேய்' என்ற இயற்கை ஒயின் சந்தைக்கு இன்று பல தேசத்திலிருந்து கூட்டம் வருகிறது. நல்ல விஷயம். ஆனால் கூட்டம் சேர்ந்ததும் கட்சியும் சேர்ந்து விடுகிறது. சின்னவர், ஏழை, ரசாயனத்தை எதிர்க்கிறவர். அவர் சரக்கைக் குறை சொன்னால் நீ கம்பெனி ஆள். இந்த மிரட்டலுக்குப் பயந்து ருசி பார்க்கிறவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் போஜோலேயிலேயே உதாரணம் உண்டு. 2001 அறுவடையில் பத்து லட்சம் பெட்டிக்கு மேல் விற்காமல் போய்க் காய்ச்சி வடிக்க வேண்டி வந்தது. 2002-இல் லியோன் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் ஒரு ருசி நிபுணர் அந்த வட்டாரத்துச் சரக்கைப் பற்றி அச்சில் போடக் கூசுகிற ஒரு வார்த்தையில் கருத்து சொன்னார். விவசாயச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2003-இல் பத்திரிகைக்குப் பெரிய தொகை தண்டம் விழுந்தது, மூடுகிற நிலைமை. 2005-இல் பிரான்ஸின் மேல் நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. அந்த நிபுணரின் வார்த்தை மட்டம்தான். ஆனால் சரக்கு விற்காமல் தேங்கியது அவர் வார்த்தையால் அல்ல. அது முன்பே தேங்கி விட்டது. வட்டாரத்தின் பெயரைப் பிறகு தூக்கி நிறுத்தியது வக்கீல் நோட்டீஸ் இல்லை. லபியேர் மாதிரி ஆட்களின் பாட்டில்.

இதில் யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள். எலி வாடை பாட்டிலை முதல் தடவையாக வாங்குகிறவன் 'இயற்கை ஒயின் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது' என்று நினைத்துக்கொண்டு முதல் கிளாஸுக்கே, பெரிய கம்பெனிக்கே திரும்பிப் போய் விடுவான். நஷ்டம் அந்த மோசமான தயாரிப்பாளருக்கு மட்டும் இல்லை. பீப்பாயைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிற பக்கத்துத் தோட்டக்காரருக்கு. 2021 ஏப்ரலில் பிரான்ஸ் முழுக்க உறைபனி விழுந்து துளிர் கருகியது. பல வட்டாரங்களில் நிலம் வைத்திருக்கிற கம்பெனி அந்த வருடத்தைக் கணக்கில் கரைத்து விடும். இரண்டு ஹெக்டேர்க்காரருக்கு ஒளித்து வைக்க இடம் கிடையாது. அவரிடம் மூலதனம் என்று இருப்பது பாட்டில் மேல் போட்ட பெயர் ஒன்றுதான். ஊசினதற்கும் புளித்ததற்கும் ஒரே கைதட்டல் கொடுத்தால் அந்தப் பெயருக்கு என்ன விலை?

*

லேபிள் உதவுமா? கொஞ்சம் உதவும். பிரான்ஸில் 2020-இல் 'இயற்கை முறை ஒயின்' என்பதற்கு ஒரு முத்திரை வந்தது. இயற்கை வேளாண்மைத் திராட்சை, கையால் அறுவடை, தோட்டத்து ஈஸ்ட். முத்திரை இரண்டு வகை: கந்தகமே சேர்க்காதது ஒன்று, சேர்த்தாலும் லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டாதது இன்னொன்று. ஒப்பிட்டுப் பாருங்கள்: சாதாரண சிவப்பு ஒயினுக்கு ஐரோப்பியச் சட்டம் 150 வரை, வெள்ளைக்கு 200 வரை அனுமதிக்கிறது. 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாரான ஒயினுக்கு ஐரோப்பாவில் சேர்மானப் பட்டியலும் கட்டாயம். பிஸ்கட் பாக்கெட்டில் எத்தனையோ வருடமாக இருப்பது ஒயினுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது.

'இயற்கை ஒயின், அதனால் தலை வலிக்காது' என்று கடைக்காரர் சொன்னால் சிரித்து விட்டு நகர்ந்து விடுங்கள். பன்னிரண்டு சதவிகித ஆல்கஹால் எந்த முத்திரையோடு வந்தாலும் பன்னிரண்டு சதவிகித ஆல்கஹால்தான். கந்தகம் 'சேர்க்கவில்லை' என்றால் அறவே 'இல்லை' என்றும் பொருளில்லை. நொதிக்கும்போது ஈஸ்ட்டே கொஞ்சம் உண்டாக்கும்.

முத்திரை சொல்வது செய்முறை. ருசி அல்ல. ருசியை நீங்கள்தான் பார்க்க வேண்டும். என்றைக்காவது இப்படியொரு மேஜை முன்னால் உட்கார நேர்ந்தால் மூன்று விஷயம் செய்யுங்கள். லேபிளை மூடச் சொல்லுங்கள். பெயர் பெரிதோ சின்னதோ, படம் அழகோ இல்லையோ, மூக்குக்குத் தெரிய வேண்டியதில்லை. அழுகின முட்டை வாடை அடித்தால் உடனே கோபப்படாதீர்கள். கிளாஸைச் சுழற்றிப் பத்து நிமிஷம் காற்றாட விடுங்கள், சிலது போய் விடும். மூன்றாவது, முக்கியமானது: துப்பிய பிறகு இருபது விநாடி பேசாமல் இருங்கள். தயாரிப்பாளரே எதிரில் ஆவலோடு நின்றுகொண்டிருப்பார். நகங்களில் மண் இருக்கும். 'எப்படி?' என்று கேட்பார்.

அவசரப்பட்டு 'சூப்பர்' என்று சொல்லி விடாதீர்கள். இருபது விநாடி கழித்து வாயில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். அவர் வருடம் முழுக்கத் தோட்டத்தில் நின்றது அதைக் கேட்பதற்குத்தான்.